எஜமானரின் மேசையும் பெயரில்லாதவரின் மாலையும்: பார்படாஸ் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

2020 நவம்பர் 16 அன்று, கரீபியத் தீவு நாடான பார்படாஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள தேசிய வீரர்கள் சதுக்கத்தில் நின்றிருந்த, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. 1813 முதல் அங்கே இருந்த வெண்கலச் சிலை அது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நெல்சன் தூணைவிட 30 ஆண்டு மூத்தது. இறக்கிய சிலையை யாரும் உருக்கவில்லை, கடலிலும் தள்ளவில்லை. பாதுகாப்பாக வைத்திருக்கும்படி பார்படாஸ் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2021 நவம்பர் 30 அன்று, பிரிட்டன் அரசியின் தலைமையை விட்டு நாடு குடியரசானது.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே குழப்பம். அடிமை முறையை நினைவூட்டும் சின்னம் என்று இறக்கியதை அருங்காட்சியகத்தில் ஏன் வைக்க வேண்டும்? அங்கே வைக்கத் தகுந்தது என்றால் சதுக்கத்திலிருந்து ஏன் இறக்க வேண்டும்? அருங்காட்சியகம் என்றால் பெருமைக்குரியவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் என்று நாம் பழகியிருப்பதால் வரும் குழப்பம் இது. கரீபியத் தீவுகளின் வரலாற்று அருங்காட்சியகங்களை அந்தப் பழக்கத்தோடு பார்க்கப் போனால் பாதிக் கதைதான் கண்ணில் படும். அங்கே ஒவ்வொரு பொருளின் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை விட்டுச் சென்றது யார்? அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தீவின் அடிப்படை வரலாற்றிலிருந்து பார்ப்போம்.

தீவு, கரும்பு, சட்டம்

பார்படாஸ் சிறிய தீவு. நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் சுமார் 23 கிலோமீட்டர், பரப்பு 430 சதுர கிலோமீட்டர். 1627இல் ஆங்கிலேயர் குடியேறியபோது, அதற்கு முன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் யாரும் இல்லை. குடியேறியவர்கள் முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, அயர்லாந்து ஏழைகள். சில ஆண்டு உழைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்கள்.

1640களில் எல்லாம் மாறியது. பிரேசிலில் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் நடத்திய கரும்புத் தோட்டங்களின் தொழில்நுட்பம் பார்படாஸுக்கு வந்தது. வெட்டிய கரும்பைச் சாறு புளிக்கும் முன் ஆலையில் பிழிய வேண்டும். பிழிந்த சாற்றை உடனே காய்ச்ச வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவிலும் ஓயாது. வயலும் தொழிற்சாலையும் ஒன்றாகப் பிணைந்த இந்த அமைப்புக்கு, கட்டளையை மறுக்க முடியாத ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கி ஏற்றி வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்குள் பார்படாஸில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 4 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியினர் பிற தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் அடுத்த எண் நெஞ்சை அடைக்கிறது: 1834இல் விடுதலை வந்தபோது தீவில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 83,000 பேர் மட்டுமே. மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது.

இந்தத் தீவு உலகத்துக்குக் கொடுத்தது சர்க்கரை மட்டும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1661இல் பார்படாஸ் சட்டமன்றம் ஒரு முழு அடிமைச் சட்டத்தை இயற்றியது. ஆப்பிரிக்கர்களை நாகரிகமற்ற, ஆபத்தான கூட்டம் என்று முகவுரையிலேயே வர்ணித்துவிட்டு, அவர்களை உடைமைபோல நடத்தும் விதிகளை வகுத்தது. தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் எஜமானருக்குக் கிட்டத்தட்ட எந்தத் தண்டனையும் கிடையாது. ஜமைக்கா சில ஆண்டுகளிலேயே இதைப் பின்பற்றியது. வட அமெரிக்காவின் தென் கரோலினாவுக்கும் இது முன்மாதிரி ஆயிற்று. ஒரு மாவட்டம் அளவுகூட இல்லாத தீவில் எழுதிய சட்டம் ஒரு கண்டத்தின் வாழ்க்கையை வடிவமைத்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

செய்திகளிலும் காட்சிக்கூடங்களிலும் அடிக்கடி வரும் நான்கு சொற்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது எளிது.

1. அடிமை முறை: ஆயுள் முழுவதற்குமானது, தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. மனிதர் சட்டப்படி இன்னொருவரின் சொத்து.

2. ஒப்பந்தக் கூலி: குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்துச் செய்யும் வேலை. அடித்தாலும் பட்டினி போட்டாலும் காலக்கெடு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஏழைகளும் 19ஆம் நூற்றாண்டில் இந்தியர்களும் இப்படிப் போனவர்கள். அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்று என்று சொல்வது வரலாற்றுப் பிழை. இரண்டாவது முறையில் துன்பம் இருந்ததே இல்லை என்று சொல்வதும் அதே அளவு பிழை.

3. பயிற்சிக் காலம்: 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்த பிறகும், அதே எஜமானரிடம் வாரத்தில் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்கக் கட்டாயப்படுத்திய இடைக்காலம். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் வந்தது.

4. இழப்பீடு: இந்தச் சொல்லில்தான் இன்றைய சண்டையே. 1830களில் இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இன்று கரீபிய நாடுகள் கேட்பது அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கான ஈடு. செய்திகளில் இரண்டும் ஒரே சொல்லால் வருகின்றன.

சிறைச்சாலைக்குள் ஓர் அருங்காட்சியகம்

பார்படாஸ் அருங்காட்சியகம் பிரிட்ஜ்டவுனுக்குத் தென்கிழக்கே, செயின்ட் ஆன்ஸ் கேரிசன் என்ற பழைய பாசறைப் பகுதியில் இருக்கிறது. பிரிட்ஜ்டவுன் பழைய நகரமும் இந்தக் கேரிசனும் சேர்த்து 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவச் சிறையாக இருந்தது. முற்றத்தைச் சுற்றிய அறைகள்தான் இன்றைய காட்சிக்கூடங்கள். சிறை அறை ஒன்றைப் பழைய நிலையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டடமே முதல் காட்சிப் பொருள். 1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவு, தீவின் தென்கிழக்கே செயின்ட் பிலிப் பகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கரும்பு வயல்கள் தீப்பற்றி எரிந்தன. பேலி தோட்டத்தைச் சேர்ந்த புஸ்ஸா தலைவர்களில் ஒருவர். அவர் போரில் உயிரிழந்தார். கிளர்ச்சியைச் சில நாட்களில் அடக்கியதில் கேரிசனின் படைகளுக்குப் பங்கு உண்டு. 1998இல் புஸ்ஸா தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு, அதுவரை டிரஃபால்கர் சதுக்கம் என்றிருந்த பிரிட்ஜ்டவுன் சதுக்கம் தேசிய வீரர்கள் சதுக்கம் என்று பெயர் மாறியது. ஆனாலும் மேலும் 21 ஆண்டுகள் அந்தச் சதுக்கத்தில் நெல்சன்தான் நின்றார் என்பதை நினைத்தால், சிலை இறங்கியது அவசர முடிவு என்ற வாதம் நிற்காது.

அருங்காட்சியகம் தொடங்கியது 1933இல். வரலாற்றுக் கழகம் ஒன்று நடத்திய நிறுவனம் அது. தீவின் நிலமும் வணிகமும் அப்போது வெள்ளையர் கையில் இருந்தன. வரலாறு என்று பேணப்பட்டதும் பெருமளவு அவர்களின் வீட்டுப் பொருள்களே. மகோகனி மரக் கட்டில்கள், சாப்பாட்டு மேசைகள், வெள்ளிப் பாத்திரங்கள், பழைய வரைபடங்கள், தோட்டங்களின் அச்சுப் படங்கள். தோட்ட முதலாளி வீட்டின் அறைகளை அப்படியே அமைத்துக் காட்டும் கூடம் இன்றும் உண்டு.

1980களின் தொடக்கத்தில் அரசு அமைத்த குழு ஒன்று இந்த அருங்காட்சியகத்தை ஆராய்ந்து கடுமையான முடிவுக்கு வந்தது. தோட்ட முதலாளிகள், வணிகர்கள், ராணுவத்தினர் பற்றி நிறையச் சொல்லும் இந்த இடம், நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பின உழைப்பாளிகளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்பதுதான் அது. அந்த விமர்சனத்துக்குப் பிறகுதான் காட்சிகள் திருத்தி அமைக்கப்பட்டன. ஆப்பிரிக்கத் தொடர்பைச் சொல்லும் தனிக் கூடம் வந்தது. நீண்ட காலம் இயக்குநராக இருந்த அலிசாண்ட்ரா கம்மின்ஸ் பின்னாளில் உலக அருங்காட்சியக அமைப்பான ஐகாமின் தலைவராகவும் ஆனார்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. பழைய தொகுப்பைச் சேர்த்தவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அடிமையாக வாழ்ந்தவருக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இல்லை. குடிசை மரமும் ஓலையும். உடை கந்தலாகும் வரை உடுத்தப்பட்டது. எழுதப் படிக்க விடவில்லை, ஆகவே நாட்குறிப்பும் கடிதமும் மிக அரிது. முதலாளியின் கட்டில் 200 ஆண்டு நிற்கும், அதைத் துடைத்தவரின் துணி ஒரு மழைக்காலம் தாங்காது. எஞ்சியதை மட்டும் அடுக்கி வைத்தாலே போதும், கதை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நேர்மையான அருங்காட்சியகம் அந்தச் சாய்வை எதிர்த்து வேலை செய்தாக வேண்டும்.

நியூட்டன்: மண் பாதுகாத்தது

அந்த எதிர் வேலைக்குச் சிறந்த சான்று கிறைஸ்ட் சர்ச் பகுதியில் இருக்கும் நியூட்டன் தோட்டத்து இடுகாடு. பார்ப்பதற்குப் புல் மூடிய சரிவான வெற்று நிலம். மண் ஆழம் குறைவு, பாறை மேலே தெரியும். கரும்புக்கு உதவாத இடம் என்பதால்தான் பிணங்களைப் புதைக்க விட்டார்கள். கல்லறைக் கல் ஒன்றுகூடக் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் ஜெரோம் ஹேண்ட்லரும் ஃபிரெடெரிக் லாங்கும் அங்கே அகழாய்வு செய்தார்கள். சுமார் 1660 முதல் 1820 வரை ஏறக்குறைய 570 பேர் அங்கே புதைக்கப்பட்டிருப்பார்கள் என்பது அவர்களின் கணிப்பு. நிலம் இன்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

ஒரு குழியில் முதியவர் ஒருவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ புதைக்கப்பட்டவர். அவரோடு ஓர் இரும்புக் கத்தி, உலோக வளையல்கள், மோதிரங்கள், குட்டையான தண்டுள்ள சுடுமண் புகைக்குழாய் ஆகியவை இருந்தன. குழாய் இன்றைய கானாப் பகுதியின் வகையைச் சேர்ந்தது. கழுத்தில் ஒரு மாலை. சோழிகள், கண்ணாடி மணிகள், மீன் முள்ளெலும்புகள், துளையிட்ட நாய்ப் பற்கள். இவற்றுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் பெரிய சூதுபவள மணி ஒன்று.

அந்த மணி பெரும்பாலும் குஜராத்தின் காம்பே பகுதியில் செய்யப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. கீழடி, கொடுமணல் செய்திகளில் நாம் படிக்கும் அதே வகைக் கல். சோழியும் இந்தியப் பெருங்கடலின் சரக்குதான். மாலத்தீவுச் சோழிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல நூற்றாண்டுகள் நாணயமாகப் புழங்கின, மனிதர்களை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. எல்லாவற்றையும் பறித்த பயணத்துக்குப் பிறகு, அட்லாண்டிக்கின் மறுகரையில், இந்த மாலை எப்படி ஒருவர் கழுத்தில் இருந்தது? ஹேண்ட்லரின் விளக்கம் இது: அவர் மருத்துவரோ குறி சொல்பவரோ, மற்ற அடிமைகள் மதித்த மனிதர், அதனால்தான் விலைமதிப்புள்ள பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளாமல் அவரோடே புதைத்தார்கள். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அவர் ஒரு வரி. அவரோடு வாழ்ந்தவர்களுக்கு அவர் யார் என்பதை மாலை சொல்கிறது.

இன்னொரு குழியில் சுமார் 20 வயதுப் பெண். பெட்டி இல்லை, பொருள்கள் இல்லை. தனி மண்மேட்டில் முகம் குப்புற வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த இடுகாட்டில் அப்படி வேறு யாரும் இல்லை. எலும்பில் ஈயத்தின் அளவு மிக அதிகம். மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்களில் சூனியக்காரி என்று அஞ்சப்பட்டவர்களை இப்படிப் புதைக்கும் வழக்கம் உண்டு என்பதைக் கொண்டு, அவரையும் அப்படிக் கருதியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ஈய நஞ்சு வலிப்பையும் மனக் குழப்பத்தையும் உண்டாக்கும். ரம் காய்ச்சும் கருவிகளில் ஈயம் இருந்தது. ரம் அடிமைகளுக்குப் படியாகவே கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் தொழிலே அவர் உடலில் நஞ்சை ஏற்றி, அவரைத் தம்மவர்களே அஞ்சும்படி செய்திருக்கக்கூடும். நிரூபிக்க முடியாத ஊகம்தான் என்றாலும், எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்காத கொடுமை இந்த ஓர் எலும்புக்கூட்டில் தெரிகிறது.

பின்னாளில் 25 பேரின் பற்களையும் எலும்புகளையும் ஐசோடோப்பு முறையில் சோதித்தார்கள். குழந்தைப் பருவத்தில் குடித்த நீரும் உண்ட உணவும் பல்லின் எனாமலில் வேதியியல் தடயமாகப் பதிந்துவிடும் என்பதே இந்த முறையின் அடிப்படை. பெரும்பாலோர் பார்படாஸிலேயே பிறந்தவர்கள், 7 பேர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் என்று தெரியவந்தது.

பதிவேடுகளில் இருப்பதும் இல்லாததும்

மண்ணுக்கு அடுத்த சான்று காகிதம். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. வைத்திருப்பதைத் தடை செய்யவில்லை. கள்ளத்தனமாகப் புதியவர்களைக் கொண்டுவருவதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு காலனியிலும் அடிமைகளைப் பதிவு செய்யச் சொன்னார்கள். பார்படாஸில் 1817இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவு நடந்தது. உரிமையாளர் பெயர், பிறகு ஒவ்வொரு அடிமையின் பெயர், பாலினம், வயது, நிறம், பிறந்த நாடு, செய்யும் வேலை. பிரிட்டிஷ் கரீபியப் பகுதியின் இந்தப் பதிவேடுகள் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வம்சாவளி தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய வாசல் இல்லை. ஆனால் பெரும்பாலான பதிவுகளில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் யார் என்று எழுதவில்லை. பெயரும் பல நேரம் எஜமானர் வைத்தது. இந்தக் காகிதம் மனிதர்களை நினைவில் வைக்க எழுதப்பட்டதல்ல, சரக்கு இருப்பைச் சரிபார்க்க எழுதப்பட்டது. அதிலிருந்து ஒரு பாட்டியை மீட்டெடுப்பது வரிகளுக்கு இடையே படிக்கும் வேலை.

காகிதம் எவ்வளவு எளிதில் அழியும் என்பதையும் தீவு அண்மையில் பார்த்துவிட்டது. 2024 ஜூனில் பார்படாஸ் ஆவணக் காப்பகத்தின் ஒரு கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. மின்னல் தாக்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. எரிந்துபோன பக்கங்களுக்கு மாற்று கிடையாது. ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது ஏன் அவசரம் என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

2 கோடி பவுண்டு யாருக்குப் போயிற்று?

அருங்காட்சியகம் பற்றிய கட்டுரையில் பணக்கணக்கு எதற்கு என்று தோன்றலாம். இந்தக் கணக்கு இல்லாமல் காட்சிக்கூடத்தின் மேசை எங்கிருந்து வந்தது என்பது புரியாது. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் பார்வையில் அடிமை சொத்து. சொத்தைப் பறித்தால் ஈடு தர வேண்டும். 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அரசின் ஓராண்டுச் செலவில் அது ஏறக்குறைய 40 சதவீதம்.

2. அதில் பெரும்பகுதியைத் திரட்ட 1835இல் 1.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள்.

3. பார்படாஸ் உரிமையாளர்களுக்குச் சுமார் 17 லட்சம் பவுண்டு கிடைத்தது. டிராக்ஸ் ஹால் தோட்டத்தின் 189 பேருக்காக அதன் உரிமையாளர் பெற்றது 4,293 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ். காட்ரிங்டன் தோட்டங்களின் 411 பேருக்காகப் பணம் பெற்றது ஒரு கிறிஸ்தவ நற்செய்திச் சங்கம். தொகை 8,823 பவுண்டு 8 ஷில்லிங் 9 பென்ஸ். அந்தச் சங்கத்தின் பெயரைச் சுருக்கி அடிமைகளின் மார்பில் சூடு வைத்த காலமும் உண்டு.

4. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பென்ஸ்கூட இல்லை. மேலே சொன்ன பயிற்சிக் காலத்தில் அவர்கள் செய்த கூலியில்லா உழைப்பும் எஜமானருக்கே இரண்டாவது இழப்பீடாகச் சேர்ந்தது.

5. அன்று வாங்கிய கடன் பின்னாளில் அரசின் வேறு கடன் பத்திரங்களோடு கலந்துவிட்டது. அந்தப் பத்திரங்களை முழுமையாக அடைத்து முடித்தது 2015இல்தான். 2018இல் பிரிட்டன் நிதித் துறையே இதைச் சொன்னபோது பெரும் அதிர்ச்சி. கரீபியத் தீவுகளிலிருந்து போய் பிரிட்டனில் உழைத்து வரி கட்டியவர்களும், தம் பாட்டன்களை வைத்திருந்தவர்களுக்குத் தந்த பணத்தை அடைப்பதில் பங்கு போட்டிருக்கிறார்கள்.

“அது என்றோ நடந்தது, இன்று எதற்குக் கேட்கிறார்கள்” என்ற கேள்விக்கு ஐந்தாவது படியே பதில். கணக்கு முடிந்ததே 2015இல்தான்.

பார்படாஸுக்கு வராத தமிழர்கள், குவாதலூப்புக்கு வந்தவர்கள்

விடுதலைக்குப் பிறகு டிரினிடாட், கயானா போன்ற இடங்களுக்கு இந்தியக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். பார்படாஸுக்கு அப்படிக் கொண்டுவரவில்லை. காரணம் நிலம். சிறிய தீவு, நெருக்கமான மக்கள்தொகை, கிட்டத்தட்ட எல்லா நிலமும் தோட்டக்காரர்களிடம். விடுதலையானவருக்கு ஒதுங்கிப் பயிர் செய்ய ஓர் ஏக்கர் கிடையாது. தோட்டத்து நிலத்தில் குடிசை வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்தாக வேண்டும் என்ற விதி அவர்களைப் பழைய இடத்திலேயே கட்டிப்போட்டது. வெளியாட்கள் தேவைப்படவில்லை.

பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நிலைமை வேறு. அங்கே 1848இல் அடிமை முறை ஒழிந்தது. 1849 சட்டத்தின்படி பிரான்சும் உரிமையாளர்களுக்கே இழப்பீடு தந்தது. பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆட்கள் தேடப்பட்டார்கள். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் 344 இந்தியர்களை இறக்கியது. முதலில் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும், 1880களின் இறுதிவரை சுமார் 42,000 பேர் அந்த ஒரு தீவுக்குப் போனார்கள். தமிழர்கள் பெரும்பங்கு. இன்று மொழி போய்விட்டது. முத்துசாமி, ராமசாமி, வீராசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன, மாரியம்மன் வழிபாடும் இருக்கிறது. தீவிலேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் குடியுரிமை அங்கீகாரத்தில் முடிந்தது.

அந்தத் தீவின் புவாந்த்-ஆ-பித்ர் நகரில் 2015 மே 10 அன்று அன்றைய பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்து திறந்து வைத்த, அடிமை முறையின் நினைவு அருங்காட்சியகமான மெமோரியல் ஆக்ட், பார்படாஸ் அருங்காட்சியகத்துக்கு நேரெதிரான பாதையை எடுத்தது. தார்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில், கறுப்புக் கருங்கல் போர்த்திய நீண்ட பெட்டிமேல் வெள்ளி நிற வேர்கள் படர்ந்ததுபோலக் கட்டடம். பழம்பொருள் குறைவான இடங்களைத் தற்காலக் கலைஞர்களின் படைப்புகளால் நிரப்பியிருக்கிறார்கள். அடிமை முறைக் காலத்தோடு நிற்காமல் ஒழிப்புக்குப் பிந்திய காலம், இன்றைய நிலை வரை காட்சி நீள்கிறது. 2017இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசும் கிடைத்தது. 8 கோடி யூரோவுக்கு மேல் செலவான கட்டடம், வேலையின்மையும் குடிநீர்த் தட்டுப்பாடும் வாட்டும் தீவுக்குத் தேவையா என்று உள்ளூர்த் தொழிற்சங்கங்களும் இயக்கங்களும் கேட்டன. திறப்பு விழாவைச் சிலர் புறக்கணித்தார்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கட்டடத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பணம் குழாய்த் தண்ணீராக வந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. நியூட்டன் இடுகாட்டையும் அருங்காட்சியகத்தையும் ஒரே பயணத்தில் பாருங்கள். தோட்ட முதலாளியின் அறைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அழகான மரச்சாமான் கண்காட்சி பார்த்ததாகத்தான் ஆகும்.

2. ஒவ்வொரு விளக்கப் பலகையிலும் வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். “மாளிகை கட்டப்பட்டது” என்று எழுதியிருந்தால், கட்டியவர் யார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

3. பொருள் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதோடு, எந்த ஆண்டில் அருங்காட்சியகத்துக்கு வந்தது என்பதையும் பாருங்கள். 1930களில் வந்ததற்கும் 1980களுக்குப் பிறகு வந்ததற்கும் உள்ள வேறுபாட்டில் நாட்டின் மனமாற்றம் தெரியும்.

இந்தப் பார்வையோடு வந்தால் நெல்சன் சிலைக்கும் விடை கிடைக்கும். சதுக்கத்தின் பீடத்தில் நிற்கும் சிலை, பார்ப்பவரை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. அருங்காட்சியகத்தில் அதே சிலை ஓர் ஆவணம்: 1813இல் இந்தத் தீவில் பணம் திரட்டிச் சிலை எழுப்பும் வசதி யாரிடம் இருந்தது, அவர்கள் யாரைக் காவலராகக் கருதினார்கள் என்பதற்கான சான்று. அழித்துவிட்டால் அந்தச் சான்றும் போய்விடும். இந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

பேச்சுவார்த்தை இப்போது எங்கே நிற்கிறது?

கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் 2013இல் ஈட்டு ஆணையத்தை அமைத்தது. பார்படாஸ் வரலாற்றறிஞர் ஹிலரி பெக்கிள்ஸ் அதன் தலைவர். 2014இல் வெளியான பத்து அம்சத் திட்டத்தில் முறையான மன்னிப்பு, கடன் ரத்து, பொதுச் சுகாதாரம், கல்வி ஆகியவற்றோடு பண்பாட்டு நிறுவனங்களும் ஓர் அம்சம். ஐரோப்பாவில் இந்த வரலாற்றுக்கான ஆய்வு மையங்களும் அருங்காட்சியகங்களும் உண்டு, அதை அனுபவித்தவர்களின் தீவுகளில் அவற்றுக்கு வசதியில்லை என்பது அவர்களின் வாதம். குடியரசான சில நாட்களில், 2021 டிசம்பரில், நியூட்டனில் நினைவிடமும் ஆவண ஆய்வு மையமும் கொண்ட பாரம்பரிய வளாகத் திட்டத்தைப் பிரதமர் மியா மாட்லி அறிவித்ததன் பின்னணி இது.

டிராக்ஸ் ஹால் விவகாரம் இன்னும் சிக்கலானது. 17ஆம் நூற்றாண்டு மாளிகையோடு கூடிய அந்தத் தோட்டம் அதே குடும்பத்தின் வழியில் வந்தவரிடம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதற்காக அதில் 50 ஏக்கருக்குச் சற்று மேல் விலை கொடுத்து வாங்க அரசு திட்டமிட்டது. அடிமை உழைப்பில் உருவான நிலத்துக்கு மீண்டும் பணம் தருவதா என்று எதிர்ப்பு கிளம்பியதால் 2024 ஏப்ரலில் மாட்லி அதை நிறுத்தி வைத்தார்.

காட்ரிங்டன் தோட்டங்களை வைத்திருந்த சங்கத்தின் இன்றைய வாரிசு அமைப்பு வேறு வழியில் போனது. 2023 செப்டம்பரில், 1.8 கோடி பார்படாஸ் டாலர், அதாவது சுமார் 70 லட்சம் பவுண்டு, 10 முதல் 15 ஆண்டுகளில் அங்கே செலவிடப்போவதாக அறிவித்தது. சமூக மேம்பாடு, வரலாற்று ஆய்வும் கல்வியும், அடிமைகள் புதைக்கப்பட்ட இடங்களைக் கண்டறிந்து நினைவிடம் அமைத்தல், வழித்தோன்றல்களின் குடும்ப வரலாற்று ஆய்வு என நான்கு வேலைகளுக்காக அந்தப் பணம்.